தும்பை கிழித்த போர்வைகள்

பூனையும் மனிதரும் ஒரே பாஷையில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது எந்தப் பூனைக்குட்டியும் நிறத்தோடு பிறப்பதில்லை. பிறக்கும்போது எல்லாம் வெள்ளைவெளேர் என்றுதான் இருக்கும். பனி இறங்குவதற்குமுன் பெற்றவர்கள் போர்வை போர்த்திவிடுவார்கள். அந்தப் போர்வை உடம்போடு ஒட்டி மயிராகிவிடும். பிறகு சாகும்வரை அதுதான் நிறம்.

பூனைகளுக்குள் இதற்கு ஒரு முறை உண்டு. தாய் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு போர்வை தருவாள். தகப்பன் கையில் இருப்பது ஒரு போர்வையும் ஒரு தடியும். தடியை மகனுக்குக் கொடுப்பான். வாங்கியவன் கடுவனாகி ஊர் சுற்றக் கிளம்புவான். போர்வையை மகளுக்குக் கொடுப்பான். ஆகவே மகனுக்கு அம்மாவின் போர்வை மட்டும்தான். மகளுக்கு இரண்டு. கறுப்பு கறுப்பையும் சிவப்பு சிவப்பையும் கட்டிக்கொண்டிருந்தவரை இதில் எந்த வம்பும் வரவில்லை. இரண்டும் ஒரே நிறம் என்றால் ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய்விடலாம் அல்லவா?

காரி என்ற கறுப்புப் பூனை, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த செவலை என்ற சிவப்புப் பூனையைக் கட்டிக்கொண்டபோதுதான் வந்தது வினை.

கம்பளி நெய்கிற மல்லக்காள் வீட்டில், ஆட்டுமயிர் மூட்டைகளுக்கு நடுவே காரி ஒரு மகனையும் ஒரு மகளையும் ஈன்றாள். மகன் மொழுக்கன். மகள் தும்பை. மொழுக்கன் பாடு சுலபமாக முடிந்தது. அம்மாவின் கறுப்பைப் போர்த்திக்கொண்டான், அப்பாவின் தடியைத் தூக்கிக்கொண்டான், வேலியைத் தாண்டிப் போயே போய்விட்டான்.

தும்பை முன்னால் கறுப்பும் சிவப்புமாக இரண்டு போர்வைகள் கிடந்தன.

"என்னுதப் போட்டுக்க சாமி. இருட்டுல பக்கத்துலயே போனாலும் ஒரு எலி உன்னப் பார்க்காது" என்றாள் காரி.

"அவ கிடக்கிறா. இது எங்க ஆத்தா எனக்குக் கொடுத்தது. வெயில்ல நின்னா தங்கமா மின்னும்" என்றான் செவலை.

"மின்னி என்ன பண்றது? வயிறு நிறையுமா?"

"உம் பங்குக்குத்தான் பையன் இருக்கானே. பொண்ணாச்சும் எஞ் சாயல்ல இருக்கட்டுமே."

தும்பைக்கு இருவரையும் பிடிக்கும். அம்மாவின் போர்வையைத் தொட்டால் அப்பா வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். அப்பாவுடையதைத் தொட்டால் அம்மா பாலில் வாய் வைக்க மாட்டாள். ஒன்றை எடுத்தால் இன்னொருவர் மனசு ஒடிந்துவிடும் என்று பயந்து, அவள் எதையும் எடுக்கவில்லை. பனி இறங்கிற்று. வெற்று வெள்ளை உடம்போடு நடுங்கிக்கொண்டே நாளைக் கடத்தினாள்.

ஒருநாள் உச்சிவேளையில் குளிர் தாங்காமல் பாறைமேல் போய் வெயிலில் படுத்தாள். கருங்கல் பாறையில் கொட்டிய சோறு மாதிரி அவள் கிடந்தது, மேலே வட்டமிட்ட ராசாளிக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அது சிறகை ஒடுக்கிக்கொண்டு இறங்கி அவள் முதுகைப் பற்றியது.

"ஐயோ, எம் புள்ள!" என்று காரி ஒரு பக்கமிருந்து பாய்ந்தாள். கூரையிலிருந்து செவலை குதித்தான். இருவர் நகமும் ஒரே சமயத்தில் பட்டதும் ராசாளி பிடியை விட்டுவிட்டுப் பறந்தது. தும்பையின் முதுகில் ரத்தம் கசிந்தது. ஆளுக்கொரு பக்கம் நக்கிக்கொடுத்தார்கள். நக்கிக்கொண்டே ஆரம்பித்தார்கள்.

"அன்னிக்கே என் கறுப்பப் போட்டிருந்தா அதோட கண்ணுலயே பட்டிருக்க மாட்டா."

"போட விட்டியா நீ? மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டது யாரு?"

தும்பை மெல்ல எழுந்தாள். வீட்டுக்குள் போனாள். இரண்டு போர்வைகளையும் இழுத்து வந்து அவர்கள் முன்னாலேயே போட்டாள். கறுப்பைப் பல்லால் கவ்வி ஒரே கிழி. சிவப்பையும் கிழித்தாள். நகத்தை நீட்டிப் பெரிதும் சிறிதுமாகக் கிழித்துக்கொண்டே போனாள்.

கொடுத்த போர்வையைக் கிழிப்பதென்றால் கொடுத்தவர் முகத்தில் பிறாண்டுவதற்குச் சமம். காரி இரண்டடி பின்வாங்கினாள். செவலையின் வால் தரையில் விழுந்தது.

"ரெண்டு பேருந்தான என்னைக் காப்பாத்தினீங்க?" என்றாள் தும்பை. அழுகையில் குரல் உடைந்தது. "அப்புறம் நான் எப்படி ஒருத்தரை மட்டும் போட்டுக்குவேன்?"

கந்தல்களை அள்ளிக்கொண்டு மல்லக்காளிடம் ஓடினாள். "அத்தை, எப்படியாச்சும் இதை எம்மேல தெச்சுக் குடு."

மல்லக்காள் தறியை விட்டு எழுந்து ஊசியை எடுத்தாள். "இதுக்கா இந்தச் சண்டை? எம் மூத்தவளப் பாரு. நிறம் என்னோட கறுப்பு. கண்ணு மட்டும் அவ அப்பன் கொடுத்த பூனைக்கண்ணு. நாங்க என்ன அடிச்சுக்கிட்டா சாகறோம்?"

எந்தத் துண்டு கைக்கு வந்ததோ அதை வைத்துத் தைத்தாள். முதுகில் கறுப்பு, விலாவில் சிவப்பு, ஒரு காது அப்படி, ஒரு காது இப்படி. கிழித்ததில் பாதி காற்றோடு போயிருந்ததால் வயிற்றுக்கும் பாதங்களுக்கும் துணி எட்டவில்லை. அங்கே பிறந்த வெள்ளையே நின்றுவிட்டது.

தும்பை வெளியே வந்து தலையைக் குனிந்து நின்றாள். காரியும் செவலையும் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"கண்ணுக்கு மேல இருக்கறது என்னுது" என்றான் செவலை மெதுவாக.

"மூக்கோரம் என்னுது" என்றாள் காரி. பிறகு, கொஞ்சம் தயங்கி, "உன்னுது பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் என் கறுப்பே எடுப்பா இருக்கு" என்றாள்.

பேச்சு அதோடு நின்றது. இருவரும் மகளை நடுவில் போட்டுக்கொண்டு படுத்தார்கள். தும்பைக்கு அந்தப் பனிக்காலத்தில் முதன்முதலாக உடம்பு சூடேறியது.

மூன்று நிறம் சேர்ந்த பூனையை எங்கே பார்த்தாலும் அது பெட்டையாகவே இருப்பது அன்று தொட்டுத்தான். இரண்டு போர்வையும் தடியும் சேர்ந்து கிடைத்த கடுவன் எங்கோ அபூர்வமாக ஒன்று இருக்கலாம், அவ்வளவே. ஒவ்வொரு மகளும் தன் போர்வைகளைத் தானே கிழித்துக்கொள்வதால், ஒருத்தியின் திட்டுகள் இன்னொருத்திக்கு, கூடப் பிறந்தவளாகவே இருந்தாலும், இன்றுவரை அமைந்ததில்லை.