வடிவின் நாற்காலி

செங்கோட்டையில் குற்றாலிங்கம் என்று ஒருவர் இருந்தார். மலையாள நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவருவது அவர் வேலை. கணினியில் ஒரு எழுத்துக்கூடத் தட்டத் தெரியாது. புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, ஜன்னல் வழியே மலையைப் பார்த்தபடி வாக்கியம் வாக்கியமாகச் சொல்வார். அவர் மனைவி சண்பகவடிவு தட்டுவாள். அவர்களுடைய நாவல்கள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்த வடிவு எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த நாவல் பாதியில் நின்றது.

வடிவு தட்டிய பழைய மேஜையை அவரால் பார்க்க முடியவில்லை. அதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, தென்காசிக்குப் போய் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் மேஜை வாங்கினார். பெரிய திரை வாங்கினார். தமிழ் எழுத்து ஒட்டிய கீபோர்டு, கழுத்து வளைகிற விளக்கு, மின்சாரம் போனாலும் அணையாதிருக்க ஒரு பெட்டி. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இரண்டு சுவரில் பிளக் பாயிண்ட் வைத்தார். தானே தட்டப் பழகினார். இடம் சரியாக அமைந்துவிட்டால் வேலை தானாக ஓடும் என்று நினைத்தார்.

ஓடவில்லை. மேஜையை ஜன்னலோரம் போட்டுப் பார்த்தார். வடக்குச் சுவருக்கு நகர்த்தினார். மறுபடி ஜன்னலுக்கு வந்தார். எங்கே போட்டாலும் பக்கத்தில் வடிவின் நாற்காலிக்கு இடம் விட்டார். அதில் யாரையும் உட்காரவிட மாட்டார். அவரும் உட்கார மாட்டார். முக்காலியில் உட்கார்ந்து திரையைத் திறப்பார். கண் அந்த நாற்காலிக்குப் போகும். திரையை மூடிவிடுவார்.

அவருக்கு ஒரு குரு உண்டு. பெயர் ஆவுடையம்மை. அவரைவிட இருபது வயது இளையவள். மலையடிவாரத்தில் ஒரு ஓட்டு வீட்டில் தியானம் சொல்லிக்கொடுத்தாள். முன்பெல்லாம் குற்றாலிங்கமும் வடிவும் சேர்ந்தே அங்கே போவார்கள். இப்போது தனியாகப் போனார்.

"அம்மா, மேஜையை எங்க போடணும்னு தெரியல."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆவுடையம்மை சிரிக்கவில்லை.

"வந்து பாக்கேன் ஐயா."

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒயர்கள் ஒன்றோடொன்று சிக்காமல் கட்டப்பட்டிருந்தன. திரையில் தூசி இல்லை.

"நல்லா அமைச்சிருக்கீங்க."

"எல்லாம் இருக்கும்மா. வேலை செய்ய முடியல. அவ இருந்த இடத்தப் பாத்தா ஒரு வார்த்த வர மாட்டேங்குது. அந்த நாற்காலிய எடுத்துரலாம்னு பாத்தா, கையும் வரல."

"இது அக்கா நாற்காலி. உங்க நாற்காலி எது?"

அவர் மூலையைக் காட்டினார். ஒரு பிரம்பு நாற்காலி. திரை வந்த அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் அதன்மேல் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன.

ஆவுடையம்மை ஒவ்வொன்றாக இறக்கி வாசலில் வைத்தாள். அவர் தடுக்கப் போனார், அவள் கேட்கவில்லை. முந்தானையால் பிரம்பைத் துடைத்தாள்.

"முன்ன எப்படி இருந்துச்சோ, அப்படிப் போடுங்க."

மேஜையை ஜன்னல் பக்கம் இழுத்தார். வடிவின் நாற்காலியைத் திரைக்கு முன்னால் போட்டார். பிரம்பு நாற்காலியை ஜன்னலோரம் கொஞ்சம் திருப்பிப் போட்டுவிட்டு அதில் உட்காரப் போனார்.

"அதுல இல்ல ஐயா. இதுல."

ஆவுடையம்மை வடிவின் நாற்காலியைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுல நான் உக்காந்ததே இல்லம்மா."

"தெரியும். உக்காருங்க."

குரு சொல்லை அவர் தட்டியதில்லை. மெல்ல உட்கார்ந்தார். அவர் நினைத்ததைவிடத் தாழ்வாக இருந்தது. வலது கைப்பிடி ஓரத்தில் தேய்ந்து வழவழத்திருந்தது. விரல் தானாக அங்கே போனது.

"என்ன தெரியுது?"

"திரை."

"தலையத் தூக்குங்க."

தூக்கினார். இத்தனை வருஷமும் இந்த ஜன்னல் வழியே மலையைத்தான் பார்த்திருக்கிறார். இங்கிருந்து மலை தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் முழுக்கப் பிரம்பு நாற்காலிமேல் விழுந்திருந்தது. பார்வையை எப்படித் திருப்பினாலும் அதுதான் முன்னால் நின்றது.

"என் நாற்காலி தெரியுதும்மா. அவ என்னயத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கா" என்றார்.

கைப்பிடியை ஒருமுறை தடவினார்.

"ஒரு தடவ நான் திரும்பிப் பாத்திருக்கலாம். பாக்கல. இப்ப இந்த நாற்காலி காலியாக் கெடக்கேன்னு தவிக்கேன்."

"அக்கா இங்கேருந்து பாத்தா, எது ஐயா காலியாக் கெடக்கு?"

வெளியே பால்காரரின் மணி கேட்டது. குற்றாலிங்கத்துக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அழுது முடித்து, வீட்டுக்கு வந்தவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே என்ற நினைப்பு வந்து எழுந்தார்.

"காப்பி போட்டுக் கொண்டாறேன், இருங்கம்மா."

ஆவுடையம்மை அதற்குள் வாசற்படி இறங்கியிருந்தாள்.

"வேண்டாம் ஐயா. போய் உங்க நாற்காலில உக்காருங்க. அக்காவ இதுக்கு மேல காக்க வைக்காதீங்க."