அண்டாவில் ஏறிய அஞ்சு மாசக் குட்டி

காலை எட்டரை மணிக்கு அடுப்பில் ஏறிய கறி பகல் பன்னிரண்டரைக்கும் வேகவில்லை என்றால், ஒன்று விறகு ஈரமாக இருக்க வேண்டும், இல்லை சமையல்காரனுக்குக் கை போயிருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஆட்டுக்கு வயசாகியிருக்க வேண்டும். குருவையா விறகைப் பார்த்தார். நல்ல காய்ந்த வேலிக்கருவேல், சடசடவென்று எரிந்துகொண்டிருந்தது. தன் கையைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாகச் சாத்தூர் சுற்றுவட்டாரத்தில் நடந்த கிடாவெட்டுகளில் எல்லாம் கறியைப் பதமாக இறக்கிய கை. நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது.

மிச்சம் இருந்தது ஆடு. அதைப் பற்றி வாய் திறக்க வழியில்லை. ஏனென்றால் ஆட்டைக் கொடுத்த கொண்டல்சாமி பத்தடி தள்ளி வேப்பமரத்தடி ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அது அஞ்சு மாசக் குட்டி என்று அறுபது பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய பேரனுக்கு அன்றைக்குக் குலசாமி கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். மொட்டை ஆயிற்று, காதும் குத்தியாயிற்று, பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கியும் போய்விட்டது. இனி இலை போட வேண்டியதுதான். சோறு வடித்து ஆறிக்கொண்டிருந்தது. ரசம் கூடத் தயார். கறி மட்டும் அண்டாவுக்குள் கிடந்து, வந்த நாள் முதல் நான் இப்படித்தான் என்கிற மாதிரி அசையாமல் கொதித்துக்கொண்டிருந்தது.

குருவையாவுக்கு விஷயம் விடியற்காலையிலேயே தெரிந்துவிட்டது. குட்டிக் கறி என்றால் வெளிர்ந்த ரோஸ் நிறத்தில் இருக்கும், கொழுப்பு வெள்ளை வெளேரென்று இருக்கும். இது கறுத்துச் சிவந்த கறி, கொழுப்பில் மஞ்சள் ஓடியிருந்தது. பக்கத்தில் போனாலே பொலிகிடாயின் கவிச்சி மூக்கைத் துளைத்தது. ஆறு வருஷமாவது ஊர்ப் பெட்டை ஆடுகளுக்கெல்லாம் மாப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற கிடாய் என்று கணக்குப் போட்டார். வாயைத் திறந்து பல்லை எண்ணினால் வயசு தெரிந்துவிடும். அதற்குள் தலையைச் சாக்கில் சுற்றிப் பூசாரி வீட்டுக்கு அனுப்பிவிட்டார் கொண்டல்சாமி. மனுஷனுக்கு அந்த விவரமெல்லாம் உண்டு.

போகட்டும், அவர் ஆடு, அவர் வாய் என்று விட்டிருப்பார் குருவையா. ஆனால் ஜமுக்காளத்தின் முன்வரிசையில் கீழப்பொட்டல் அய்யாத்துரை உட்கார்ந்திருந்தார். நூற்றிருபது செம்மறி வைத்திருப்பவர், கொண்டல்சாமிக்கு மாப்பிள்ளை முறை. அடுத்த மாதம் கீழப்பொட்டலில் கோயில் கொடை விழா. இருபத்தொரு கிடாய் விழும். சமையலை யாரிடம் விடுவது என்பது அய்யாத்துரை கையில் இருந்தது. டவுனிலிருந்து ஒரு காண்டிராக்ட்காரன் வேறு பேசிக்கொண்டிருந்தான். இன்றைக்குக் குருவையா கையால் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றுதான் அய்யாத்துரை வந்திருந்தார். போன வருஷமே நாலு விசேஷம் காண்டிராக்ட்காரர்களிடம் போய்விட்டது. இதுவும் போனால் அண்டாவைக் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான். குருவையாவுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

கரண்டியால் ஒரு துண்டை எடுத்து அமுக்கினார். துண்டு கரண்டியைத் திருப்பி அமுக்கியது. வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, வந்தது வந்தபடி வெளியே எடுத்தார். கோயில் நாய்க்குப் போட்டார். அது சந்தோஷமாகக் கவ்விக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போய்க் கால் மணி நேரமாயிற்று, இன்னும் தின்று முடிக்கவில்லை.

மசாலா அரைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி வேலம்மா, முந்தானைக்குள் மறைத்து ஒரு பப்பாளிக்காயைக் கொண்டுவந்து கொடுத்தாள். கறி சீக்கிரம் வேகட்டும் என்று முதலில் போட்ட கொட்டாங்குச்சித் துண்டு ஏற்கெனவே உள்ளே கிடந்தது. அஞ்சு மாசக் குட்டிக்குப் பப்பாளிக்காய் போடுகிறான் என்று யாராவது பார்த்தால் கொண்டல்சாமியின் மானம் போகும். அதற்காக ஜமுக்காளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, திருடன் மாதிரி நறுக்கிப் போட்டார் குருவையா.

இந்த நேரத்தில் ஜமுக்காளத்தில் குட்டி வளர ஆரம்பித்திருந்தது.

தீனியில்தான் தொடங்கினார் கொண்டல்சாமி. ஊற வைத்து அரைத்த பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு, உளுந்தம் பொட்டு, இடித்த கம்பு, மேலுக்கு ஒரு கை கருப்பட்டி. அதுவரைக்கும் எல்லாரும் தலையாட்டினார்கள். அய்யாத்துரை மட்டும், தானும் இதையெல்லாம் போட்டுத்தான் பார்க்கிறேன், நல்லாத் தின்கிற குட்டி ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிராம் ஏறினால் பெரிசு, அஞ்சு மாசத்தில் இருபத்தைந்து கிலோ தாண்டாது என்றார்.

“நூத்தம்பது கிராமா?” கொண்டல்சாமி பரிதாபமாகப் பார்த்தார். “காலைல எந்திரிச்சுச் சோம்பல் முறிக்கும் பாரு மாப்ளே, அதுலயே அம்புட்டும் ஏறிரும். அதுக்குப் பெறகுதான் நான் தீனிச்சட்டியையே எடுப்பேன்.”

சாயங்காலம் கழுத்தில் தளரக் கட்டிய கயிறு விடிகிறபோது இறுகிப்போய்விடுமாம். வேளைக்கு ஒருதரம் அவிழ்த்துக் கட்டிக் கட்டி, கடைசியில் கிணற்று வடத்தைக் கொண்டுவந்து கட்டினாராம். இரண்டாம் மாதமே தாயின் வயிற்றுக்கு அடியில் நுழைய முடியாமல் போய்விட்டதாம். தாயாடு களத்து மேட்டின் மேல் ஏறி நின்று பால் கொடுத்ததாம். மூன்றாம் மாதம் அந்தத் தாய்க்கே மகனைக் கண்டால் ஒரு மரியாதை வந்துவிட்டது, குட்டி தொழுவத்துக்குள் வந்தால் படுத்திருந்த தாய் எழுந்து நிற்கும் என்றார்.

இவ்வளவு தீனி போட்டால் துள்ளுமாரி வந்து செத்திருக்குமே என்று அய்யாத்துரை இடைமறித்தார். தீனி மிஞ்சிய குட்டியைத் துள்ளத் துள்ளக் கொன்றுபோடும் நோய் அது. ஆட்டுக்காரன் கேட்கிற கேள்விதான். கொண்டல்சாமி அசரவில்லை. துள்ளுமாரியும் வந்தது, யார் இல்லை என்றது என்றார். குட்டி துள்ளிய துள்ளலில் நோய்தான் கீழே விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டதாம். அதற்குப் பிறகு அந்தத் தெரு ஆடு எதற்குமே துள்ளுமாரி வரவில்லையாம்.

சிரிப்புச் சத்தம் அடுப்புவரைக்கும் வந்தது. குருவையாவும் சிரித்திருப்பார், கையில் மூணாவது தடவையாக வேகாத துண்டு இல்லாமல் இருந்திருந்தால்.

எடை எவ்வளவு இருந்தது என்று யாரோ கேட்டார்கள். சாதாரணத் தராசு தாங்காதென்று கடலை மில் எடைமேடைக்கே ஓட்டிக்கொண்டு போனேன் என்றார் கொண்டல்சாமி. எடைக்காரன் ஆட்டை அசையாமல் பிடிக்கச் சொல்லிச் சத்தம் போட்டானாம்.

“ஆடு செலை கணக்கா நிக்குது மாப்ளே. நம்பருதான் ஓடுது. அவன் சீட்டு எழுதி முடிக்கிறதுக்குள்ள அது பழைய எடையாப் போச்சு. மூணு சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு, அய்யா இனிமே இந்தப் பக்கமே வராதீகன்னு கும்பிட்டுட்டான்.”

“அது ஆடுதானா மச்சான்?” என்றார் அய்யாத்துரை.

ஆடுதான், ஆனால் கறியைக் கேளு என்று கொண்டல்சாமி குரலைத் தாழ்த்தினார். குருவையா கிளறுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். ஆடு எவ்வளவு பெரிசாக வேண்டுமானாலும் வளர்ந்துவிட்டுப் போகட்டும், அதனால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கறி எவ்வளவுக்கெவ்வளவு இளசாகிறதோ அவ்வளவுக்கவ்வளவு சமையல்காரன் கழுத்து இறுகும். மனசுக்குள் குலசாமியை வேண்டிக்கொண்டார், ஆட்டோட உயரத்திலேயே இவரை நிறுத்திப்போடு தாயே என்று.

சாமி நிறுத்தவில்லை. குட்டியை யாரும் தட்டிக் கொடுக்கக் கூடாது, தட்டினால் கை மணிக்கட்டுவரை உள்ளே போய்விடும், அவ்வளவு மெத்து என்றார் கொண்டல்சாமி. முதுகில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்து கால் புதைந்து, தூக்கிவிட ஆள் போக வேண்டியிருந்ததாம். வெயிலில் கட்டினால் கொழுப்பு உருகிச் சொட்டும், வீட்டுக்காரி அதைப் பிடித்து ஒரு வாரத்துக்கு அப்பளம் பொரித்தாளாம். ஒரு நாள் நிழலில் மாற்றிக் கட்ட மறந்துவிட்டாராம். மத்தியானம் போய்ப் பார்த்தால், வெயில் பட்ட பக்கத்துத் தொடை முக்கால் பதம் வெந்திருந்ததாம். குட்டிக்கு அது தெரியக்கூட இல்லை, தன் பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டு நின்றதாம்.

“இந்தக் கறிக்கு அடுப்பே வேண்டாம்ப்பா,” என்று முடித்தார். “அடுப்புக்குப் பக்கத்துல கூட்டிட்டு நடந்தாலே வெந்துரும். குருவையா இன்னைக்குப் பத்த வச்சதே ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்.”

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. மணி ஒன்றாகியிருந்தது. பசித்த வயிறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடுப்புப் பக்கம் திரும்பின. அய்யாத்துரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

“அப்ப நாலரை மணி நேரமா அந்த அண்டாவுல என்ன மச்சான் வேகுது?”

கொண்டல்சாமி மேலே பார்த்தார், கோயிலைப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியைப் பார்த்தார். கடைசியில் குருவையாவைப் பார்த்தார்.

“ஆட்டைச் சொல்லாத மாப்ளே. பஞ்சு கணக்காக் குட்டியைக் குடுத்திருக்கேன். பக்குவம் பாக்கத் தெரியணும்ல.”

குருவையாவுக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷன் மானம் போகக் கூடாதென்றுதானே முதுகைத் திருப்பிக்கொண்டு பப்பாளிக்காய் நறுக்கினோம் என்று நினைக்க நினைக்க ஆத்திரம் பொங்கியது. இது கிழட்டுப் பொலிகிடாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தன் கை மேல் விழுந்த பழி இறங்கிவிடும். வேலம்மாவும் சொல்லுங்க என்று கண்ணைக் காட்டினாள். ஆனால் கொண்டல்சாமியின் மருமகனைப் பெற்ற அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இருந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நல்ல நாளும் அதுவுமாக ஒருத்தரைச் சபையில் நிறுத்தி உரிக்க அவருக்கு மனசு வரவில்லை. பேசாமல் இருந்தால் கொடை போய்விடும். காண்டிராக்ட்காரன் பளபளவென்று வேனில் வந்து இறங்குவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கரண்டியோடு ஜமுக்காளத்து ஓரத்தில் வந்து நின்றார்.

“அண்ணாச்சி சொன்னதுல ஒரு சொல்லு பொய்யில்லை. நானே சாட்சி,” என்றார்.

கொண்டல்சாமிக்கே இது எதிர்பாராத உதவி. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எட்டரை மணிக்கு அண்டாவுல போடுறப்ப அஞ்சு மாசக் குட்டிதான். பால் வாடை கூடப் போகலை. ஆனா அது தின்ன தீனி லேசுப்பட்ட தீனியா? வெட்டியும் வளர்த்தி நிக்கலை. ஒம்பதரைக்கு மூடியைத் தெறந்து பாக்கேன், ஒரு வயசாயிருச்சு. பத்தரைக்கு நல்ல எளங்கெடா. அப்பவே எறக்கியிருக்கணும், நாந்தான் அசந்துட்டேன். நானும் எரிக்கேன், அதுவும் வளருது. அரை அண்டாவுக்குப் போட்ட கறி மூடியைத் தூக்குது. பன்னெண்டு மணிக்கு அண்டாவுக்குள்ளயே ஆறு வயசு முடிஞ்சுபோச்சு அண்ணாச்சி. குட்டியைத்தான் குடுத்தீக, இல்லைங்கலை. இப்ப நான் வேக வச்சுக்கிட்டு இருக்கிறது கெழட்டுக் கெடா.”

கொண்டல்சாமி வாயைத் திறந்தார், மூடினார். வெட்டிய ஆடு எங்கேயாவது வளருமா என்று கேட்க வேண்டும். கேட்டால், தன் குட்டியால் முடியாத காரியம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டதாகிவிடும். அவருக்கு அது ஆகாது.

“நான் காலைலயே நெனச்சேன்,” என்றார் ஒருவழியாக. “சூடு பட்டா இன்னும் வேகமா வளரும், அதான் அதோட கொணம்.”

அப்புறம்தான் சிரிப்பு வெடித்தது. சம்பந்தி அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிள்ளை விழித்துக்கொண்டு மறுபடி அழ ஆரம்பித்தது.

அய்யாத்துரை மட்டும் சிரிக்காமல் எழுந்து அடுப்புப் பக்கம் வந்தார். உள்ளங்கையை நீட்டினார். குருவையா ஒரு கரண்டி சாற்றையும் ஒரு துண்டுக் கறியையும் வைத்தார். சாற்றை உறிஞ்சிவிட்டுக் கறியை வாயில் போட்டு இந்தக் கடைவாயில் ஒரு பாட்டம், அந்தக் கடைவாயில் ஒரு பாட்டம் மென்றார். பப்பாளிக்காய் கொஞ்சம் வேலை செய்திருந்தது. ரொம்ப நேரம் கழித்து ஒருவழியாக விழுங்கினார்.

“மசாலா நல்லாருக்கு. கொடைக்கு நீதாம்யா வரணும்,” என்றார் அய்யாத்துரை. “ஆடு மட்டும் நான் பிடிச்சுத் தாரேன். வெட்டுனதும் வளர்றதை நிப்பாட்டிக்கிற ஆடாப் பாத்து.”