எவரும் பார்க்காத படம்

கோவில்பட்டியில் திரவியம் வாத்தியார் ஒரு டுட்டோரியல் நடத்திவந்தார். பத்தாம் வகுப்பில் தவறியவர்கள் அங்கே சேர்ந்து, இரண்டாம் முறை சந்தேகத்துக்கு இடமில்லாமல் தவறுவார்கள். இசக்கிராஜா, பால்துரை, மதியழகி மூவருக்கும் அந்த இடம் பிடித்துப்போய், வருடக்கணக்கில் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

இசக்கிராஜாவுக்குப் படம் எடுக்கும் ஆசை வந்தது. காசு போட ஆள் கிடைக்காததால் அதைச் சுயாதீனப் படம் என்று சொல்லிக்கொண்டார்கள். கதை ஒரு வாத்தியாரையும் அவர் மாணவர்களையும் பற்றியது. வாத்தியாராக நடிக்கத் திரவியம் உடனே சம்மதித்தார். தன் முகத்தைப் பெரிய திரையில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. மனைவியிடம் சொன்னதில்லை. சொன்னால் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளச் சொல்லுவாள்.

சென்னையில் ஒரு திரைப்பட விழா. அதன் விதியை இசக்கிராஜா செல்போனில் படித்தான்: “இதற்கு முன் எவராலும் பார்க்கப்படாத படமாக இருத்தல் வேண்டும்.”

எல்லோரும் யோசனையில் ஆழ்ந்தார்கள்.

“அப்ப எடுக்கிறவனும் பாக்கக் கூடாதுல்லா?” என்றான் பால்துரை. மாமாவின் கல்யாண வீட்டுக் கேமரா அவன் பொறுப்பில் இருந்தது.

“எவராலும்னா நீயும்தாம்லே,” என்றான் இசக்கிராஜா.

“நான் பாக்கலாமாடே?” என்று வாத்தியார் பதறினார்.

மதியழகி நிதானமாகத் தீர்ப்புச் சொன்னாள். “நடிக்கையில நீங்க படத்துக்குள்ள இருக்கீங்க சார், கண்ணத் திறந்துக்கிடலாம். அதுக்கப்புறம் கூடாது.”

இவ்வளவு அறிவுள்ள பெண் எந்தப் பாடத்தில் தவறியிருப்பாள் என்று வாத்தியாருக்கு விளங்கவில்லை. அவர் நடத்திய தமிழில்தான்.

படப்பிடிப்பு தொடங்கியது. இசக்கிராஜா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று “ஆக்‌ஷன்” என்றான். பால்துரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கேமராவோடு நடந்தான். மாணவர்களைப் பிரியும் காட்சியில் வாத்தியார் நிஜமாகவே அழுதார். பால்துரை பெஞ்சில் தடுக்கிக் கேமராவோடு மல்லாந்தான்.

“பிரமாதம் சார்!” என்றான் இசக்கிராஜா சுவரிடம்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளாடு உள்ளே வந்து, கேமராவின் குட்டித் திரையை உற்றுப் பார்த்தது. கண் திறந்திருந்தவர் வாத்தியார் ஒருவர்தான். “டே, ஆடு பாக்குடே!” என்று அலறினார்.

“போச்சு, எல்லாம் போச்சு,” என்று பால்துரை படுத்தபடியே தலையில் அடித்துக்கொண்டான்.

வாத்தியார் கொஞ்சம் யோசித்துத் தொண்டையைச் செருமினார். “எவர்னா உயர்திணை. ஆடு அஃறிணை. அது கணக்குல வராது.”

அன்றைக்கு மூவரும் அவரை மேதை என்று ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு மதியழகி கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு படத்தை வெட்டி ஒட்டினாள். எங்கே வெட்டுகிறாய் என்று கேட்டால், “கைக்கு வாக்கான எடத்துல” என்றாள்.

படம் தேர்வாகிவிட்டது. வாத்தியாருக்குத்தான் கவலை. “தேர்வுக் குழு பாத்திருப்பாங்களேடே?”

“அவங்க போட்ட சட்டத்த அவங்களே மீறுவாங்களா சார்?” என்றான் இசக்கிராஜா.

பார்த்திருந்தால் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டார்கள் என்பதால், அவன் சொன்னது சரியாகவே இருக்கலாம்.

விழா அன்று வாத்தியார் புதுவேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, முன்வரிசையில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. “பிள்ளைகளா...” என்று அவருடைய குரலே அரங்கம் முழுக்க ஒலித்தது. வாத்தியார் கண்ணை அகல விரித்தார். பின்னாலிருந்து இரண்டு உள்ளங்கைகள் வந்து பொத்திக்கொண்டன.

“பாத்துராதீங்க சார். அடுத்த மாசம் கொச்சியில ஒரு விழா. அங்கயும் இதே சட்டம்.”

“ஒரே ஒரு தடவ, இசக்கி. என் மூஞ்சிய மட்டும்டே.”

“கொச்சி போயிரும் சார்.”

பாவம், வாத்தியார் கையை உதறவில்லை. பால்துரையும் மதியழகியும் வரிசை வரிசையாகப் போய், கண்ணை மூடிக்கொள்ளும்படி சனங்களைக் கெஞ்சினார்கள். அந்தச் சிரமமே தேவைப்படவில்லை. திரையில் நெடுநேரமாக டுட்டோரியலின் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அரங்கமே குறட்டை விட்டது.

“நல்லா நடிச்சிருக்கேனாடே?” என்று கைகளுக்குள்ளிருந்து கேட்டார் வாத்தியார்.

“தெரியல சார். நானும் கண்ண மூடிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

விளக்கு எரிந்தது. “ஒருத்தர்கூடப் பாக்கல சார்!” என்று மூவரும் குதித்தார்கள்.

வாத்தியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். “அந்த வெள்ளாடு பாத்துச்சுல்லா? ஊருக்குப் போனதும் மொத வேலையா அதத் தேடிப் பிடிங்கடே. என் மூஞ்சி எப்படி விழுந்திருக்குன்னு அதுட்டதான் கேக்கணும்.”