தேன்மலையின் நேர்த் தெரு

கோணல் என்றாலே ஆகாத ராஜா ஒருவர் முன்னொரு காலத்தில் வேங்கை நாட்டை ஆண்டு வந்தார். பெயர் பொன்மாறன். அவருடைய அரண்மனையில் முறுக்கைக்கூடக் குச்சி குச்சியாக நேராகத்தான் பிழிவார்கள்.

ஒரு பெருமழையில் தேன்மலை மக்களின் நாற்பது குடிசைகளும் விழுந்துவிட்டன. "அடுத்த மழைக்குள் கல்வீடு கட்டிக் கொடுங்கள்" என்று ராஜா உத்தரவிட்டார். கட்டட அதிகாரி வச்சிரநாதர் வரைபடத்தோடு சபைக்கு வந்தார். மலைமக்களின் தலைவி நஞ்சியும் வந்தாள்.

"அம்பு விட்டதுபோல ஒரே நேர்த் தெரு, மகாராஜா! குறுக்கே சில மரங்கள், ஓர் ஊற்று. மரத்தை வெட்டிவிடலாம், ஊற்றை மூடிவிடலாம்" என்றார் வச்சிரநாதர்.

"அந்த ஊத்துத் தண்ணிதான் நாங்க குடிக்கிறது, ராசா" என்றாள் நஞ்சி. "அதை மூடினா வீடு இருக்கும், குடியிருக்க ஆள் இருக்காது. கொஞ்சம் தள்ளித் தள்ளிக் கட்டச் சொல்லுங்க."

"தெரு வளைவதா? முப்பது வருஷமாகக் கயிறு பிடித்துத் தெரு போடுகிறவன் நான். எனக்கே பாடமா?" என்று சிரித்தார் வச்சிரநாதர். ராஜாவும் தலையாட்டினார்.

"எனக்குப் படம் புரியலை, ராசா. ஐயா இந்தச் சபையிலேயே கயிறு பிடிச்சுக் காட்டட்டும். இங்க இருக்கிறவங்கதான் மரம். கயிறு பட்டா வெட்டுப்பட்ட மாதிரி. வெளியே போயிடணும்."

ராஜாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. வச்சிரநாதர் வாசலிலிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தார். முதலில் சேனாதிபதி வெளியே போனார். "நான் நூறு வயது ஆலமரம் ஐயா!" என்று கெஞ்சிய புலவரும் போனார். சாமரம் வீசியவள் போனாள், ராஜாவுக்கு வியர்த்தது. முறுக்குத் தட்டோடு சமையல்காரரும் போனார்.

"அட, முறுக்கு!"

"பலாமரம், மகாராஜா. வெட்டியாயிற்று" என்றார் வச்சிரநாதர்.

கடைசியில் கயிறு சிம்மாசனத்துக்கு முன்னால் வந்து நின்றது. வச்சிரநாதர் விழித்தார். பிறகு மிக மரியாதையாகக் கயிற்றை வளைத்து, சிம்மாசனத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

"ஐயாவோட கயிறு வளையுமா?" என்றாள் நஞ்சி.

ராஜா குனிந்து கயிற்றைப் பார்த்தார்.

"எனக்கு வளைந்த கயிறு ஊற்றுக்கு ஏன் வளையாது, வச்சிரநாதரே?"

"தாங்கள் ராஜா..."

"எங்க மலைக்கு அந்த ஊத்துதானுங்க ராசா" என்றாள் நஞ்சி.

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். "இனி இவர்கள் சம்மதம் இல்லாமல் தேன்மலையில் ஒரு மரமும் விழக்கூடாது. நஞ்சி கைகாட்டும் இடத்தில்தான் வீடு. வச்சிரநாதரே, நாற்பதும் முடியும்வரை நீர் அங்கேயே தங்கிக் கயிறு பிடியும்!"

மழைக்கு நான்கு நாள் முன்பு வச்சிரநாதர் கறுத்து இளைத்துத் திரும்பி வந்தார்.

"நாற்பது வீடு முடிந்தது, மகாராஜா. தெருவில் இருபத்தேழு வளைவு."

"வெட்டிய மரம்?"

"ஒன்றுமில்லை. நான் வெட்டச் சொன்ன புங்கமரத்தடியில்தான் தினமும் மதியம் படுத்திருந்தேன்."

ராஜா சமையல்காரரைக் கூப்பிட்டார்.

"இன்றைக்கு முறுக்கைச் சுற்றியே பிழியும்."