தளவாய் மாடியில் ஏறிய மணி

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். என்னைக் கெடுத்தவர் தளவாய் வீரபத்திரர். பிறகு கெடுத்தவர்களும் உண்டு, அவர்களை விட்டுவிடலாம். இவரை விடமாட்டேன்.

நான் மருதை. முள்ளிக்கோட்டை அரண்மனையில் பொழுது பார்த்து மணி அடிப்பவன். படிப்பு பெரிதாக இல்லை. பன்னிரண்டு வரை எண்ணத் தெரியும், அந்த வேலைக்கு அது போதும். மணிக்கூண்டு தளவாய் மாளிகைக்கு நேர் எதிரே இருந்தது. நான் உச்சிப்பொழுதில் பன்னிரண்டு அடிக்கும்போதுதான் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்வார். உச்சிப்பொழுதுக்கு இரண்டு அடித்தால் போதாதா என்று ஒருநாள் கேட்டார். இரண்டு அடித்தால் அது இரண்டு மணி ஆகிவிடும் என்றேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை ராஜமுத்திரையோடு ஓர் ஆணை வந்தது. வெள்ளிக்கிழமை மணியைக் கழற்றி உருக்க வேண்டும். மருதை எல்லையில் உப்பளக் காவலுக்குப் போகவேண்டும். அங்கே உப்பைத் தவிர வேறொன்றும் கிடையாது. உப்பைத் திருடவும் யாரும் வருவதில்லை.

எங்கள் அரண்மனையில் எல்லா ஆணையும் கணினி வழியாகத்தான் போகும். தளவாய் கட்டளைகளை வரிவரியாக ஒரு கோப்பில் எழுதி வைப்பார். கணினி ராஜமுத்திரையையும் தானே வைத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக நடத்திக்கொண்டே போகும். யாரையும் கேட்காது. இப்படித்தான் அரசர் செவ்வேள் பூபதியின் பட்டத்துக் குதிரை ஏலத்தில் போய், மூன்றாம் நாள் அவருக்கே செய்தி தெரிந்தது. இனி என்னைக் கேட்காமல் ஒன்றும் நடக்கக் கூடாது என்று அரசர் கத்தினார். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் அரசரின் திரையில் ஒரு கேள்விப் பெட்டி எழும். உள்ளே கேள்வி இருக்கும். கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள். பெட்டியை மூட மூலையில் ஒரு பெருக்கல் குறி.

அப்படியென்றால் என்னை உப்பளத்துக்கு அனுப்ப அரசரே 'ஆம்' சொல்லிவிட்டாரா? அதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது. நேராகக் கலியனிடம் போனேன். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. நந்தவனத்துக்குத் தண்ணீர் திறக்கும் கோப்பும் அவன் பொறுப்பு என்பதால் கணினியும் அவனுக்கு அத்துப்படி.

அவன் தளவாயின் கோப்பைத் திறந்து எனக்குப் படித்துக் காட்டினான். "'இல்லை' என்று பதில் வந்தால் நில். வேறு எது வந்தாலும் நடத்து."

"சரியாகத்தானே இருக்கிறது?"

"அண்ணே, அரசர் சாயங்காலம் திரையில் சதுரங்கம் ஆடுவார். நடுவில் பெட்டி வந்து மறைத்தால் என்ன செய்வார்?"

"மூடுவார்."

"மூடினால் அது 'இல்லை' இல்லையே."

இதை அரசரிடம் போய்ச் சொல்லேன் என்றேன். சொன்னால் தளவாய், கேட்கச் சொன்னீர்கள், கேட்டோம் என்பார், பிறகு உப்பளத்தில் உங்களுக்குத் துணையாக நானும் இருப்பேன் என்றான். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். பிறகு தளவாயின் கோப்பை அப்படியே ஒரு படி எடுத்தான்.

செவ்வாய் மாலை அரசர் சதுரங்கத்தில் தன் யானையைப் பறிகொடுக்கும் நிலையில் இருந்தார். திரையில் பெட்டி எழுந்தது. 'அரண்மனை மணியையும் மணிக்காரர் மருதையையும் தளவாய் மாளிகையின் மொட்டை மாடிக்கு மாற்றலாமா?' அரசர் படிக்கவில்லை. யானையைப் பார்த்தபடியே பெருக்கல் குறியைத் தட்டினார்.

புதன் காலை எட்டுப் பேர் மணியைத் தூக்கிக்கொண்டு தளவாய் வீட்டுப் படி ஏறினார்கள். பின்னால் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறினேன். தளவாய் ஆணையை வாங்கி முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை சரியாக இருந்தது. உச்சிப்பொழுதுக்குப் பன்னிரண்டு அடித்தேன். ஒன்றுகூடக் கூட்டவில்லை. ஆனால் மனம் வைத்து அடித்தேன்.

வெள்ளிக்கிழமை தளவாய் சிவந்த கண்ணோடு சபைக்கு வந்தார். தன் மாடிக்கு மணியை அனுப்பச் சொன்னீர்களா என்று அரசரைக் கேட்டார். அரசர் இல்லை என்றார். அப்படியானால் இது கள்ள ஆணை, எழுதியவன் கலியன், கள்ள ஆணைக்குத் தண்டனை கழுத்து என்றார் தளவாய். நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கலியன் ஒதுங்கவில்லை.

"மகாராஜாவின் சம்மதத்தோடுதான் நடந்தது."

"நான் எப்போதடா சம்மதித்தேன்?"

"செவ்வாய் மாலை, யானை போவதற்குக் கொஞ்சம் முன்னால். பெட்டி கேட்டது. மூடினீர்கள்."

தளவாய் குறுக்கே வந்தார். "மூடினால் சம்மதமா? அரசர் பதிலே சொல்லாதபோது அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எந்த மடையன் எழுதினான்?"

"தாங்கள்தான், தளவாய் அவர்களே. கோப்பின் அடியில் தங்கள் பெயர் அப்படியே இருக்கிறது. நான் கேள்வியையும் இடத்தையும் மட்டும் மாற்றினேன்."

அரசர் கோப்பைக் கொண்டுவரச் சொல்லித் தானே படித்தார். இதுவரை எத்தனை பெட்டியை மூடியிருக்கிறேன் என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றான் கலியன். அரசர் தளவாயின் சிவந்த கண்ணைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார், இருமும்வரை சிரித்தார்.

கலியனுக்குப் பட்டுச் சால்வையும் ஒரு மாந்தோப்பும் கிடைத்தன. உருக்கும் ஆணை ரத்தானது, நானும் மணியும் பழையபடி கூண்டுக்குத் திரும்பினோம். மூடினால் அது பதில் ஆகாது, 'ஆம்' அல்லது 'இல்லை' வரும்வரை பெட்டி திரும்பத் திரும்ப எழுந்து காத்திருக்க வேண்டும் என்று கோப்பு திருத்தப்பட்டது. எனக்கு என்ன வேண்டும் என்றும் அரசர் கேட்டார். தளவாய் என்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றேன். நியாயம் என்றார். புதிய கோப்பின் முதல் பெட்டியாக அது தளவாயின் திரைக்கே போனது. 'மருதையிடம் மன்னிப்புக் கேட்கிறீர்களா?'

'இல்லை' என்று தட்ட அவருக்கு அரசரிடம் பயம். 'ஆம்' என்று தட்ட மனம் இல்லை. பெட்டியைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மிச்ச இடத்தில் வேலை பார்க்கிறார். பதினோரு வருடம் ஆகிறது. தினமும் பன்னிரண்டு அடித்துவிட்டுப் போய்ப் பார்க்கிறேன். பெட்டி காத்துக்கொண்டுதான் இருக்கிறது.