யாவரும் நலம்

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். சேதியெல்லாம் ஓலையில் வந்துகொண்டிருந்த காலம். அப்போது மருதநாட்டைச் சுந்தரவல்லபன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் காலையில் கெட்ட சேதி கேட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இதைத் தெரிந்துகொண்ட முதல் மந்திரி, பிரதானி விருத்தகிரி, ஓர் உத்தரவு போட்டுவைத்திருந்தார். எந்த ஊரிலிருந்து ஓலை வந்தாலும் அதன் முதல் வரி 'யாவரும் நலம்' என்றுதான் இருக்க வேண்டும். அந்த வரியைக் கேட்டதுமே ராஜா, "நலமென்றால் சரி" என்று எழுந்து சாப்பிடப் போய்விடுவார். மிச்ச வரிகள் ஓலையிலேயே கிடக்கும்.

ஓலை வாசிக்கும் வேலைக்கு அந்த வருஷம்தான் உலகாயி வந்திருந்தாள். கிணறு வெட்டுகிற குடும்பம். அவள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் அவள்தான். ஒவ்வொரு ஓலையையும் வாசலில் நின்று நான்கு தடவை மனசுக்குள் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் சபைக்குள் நுழைவாள். புறப்படும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: "பார்த்துப் பேசு தாயி. நீ திரும்பி வந்துட்டா நம்ம தெருவுல இனி ஒரு புள்ளையையும் படிக்க அனுப்ப மாட்டாங்க."

கருங்குளம் என்ற ஊரிலிருந்து மூன்றாவது முறையாக ஓலை வந்தது. உலகாயி முதல் வரியை வாசித்தாள். ராஜா எழுந்தார்.

"மன்னா, இன்னும் வரி இருக்கு," என்றாள் உலகாயி. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "நலம்னு எழுதியிருந்தாலும், இந்த ஊருக்கு நடக்கிறது அநியாயம்னு எனக்குத் தோணுது."

விருத்தகிரி எழுந்துவிட்டார். "தோணுதா? ஓலை வாசிக்க வந்தவளுக்குத் தோன்ற வேறு செய்கிறதா? மன்னா, சபையில் சேதிதான் சொல்ல வேண்டும். ஆளாளுக்குக் கருத்துச் சொன்னால் இது சபையா, சந்தையா?"

ராஜாவுக்குப் பசி. "சரிதான். இனி இந்தச் சபையில் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது. சொன்னவருக்கு அன்றோடு வேலை போச்சு."

உலகாயி நகரவில்லை. "எனக்கு மட்டுமா மன்னா, எல்லாருக்குமா?"

"சட்டமென்றால் எல்லாருக்கும்தான்," என்று ராஜாவை முந்திக்கொண்டு சொன்னார் விருத்தகிரி.

மறுநாள் காலை. ராஜா வருமுன் கட்டியம் கூறுகிற பெரியநம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். உலகாயி அவரருகே போனாள்.

"அண்ணே, மூவுலகும் நடுங்கும் மாமன்னர்னு தினமும் சொல்றீங்களே, நடுங்கினதைப் பார்த்திருக்கீங்களா?"

"நான் எங்கே தாயி பார்த்தேன்?"

"அப்போ அது சேதியில்லை அண்ணே. கருத்து."

பெரியநம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. வீட்டில் ஐந்து பிள்ளைகள்.

ராஜா வந்தார். பெரியநம்பி வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "ராஜா வருகிறார். நடந்து வருகிறார்."

ராஜா நின்றுவிட்டார். "அவ்வளவுதானா?"

"வலது செருப்பில் வார் அறுந்திருக்கிறது, மன்னா. இது கண்ணால் கண்ட சேதி."

விருத்தகிரி ஓடிவந்தார். "கதிரவனே நாணும் பேரழகு கொண்ட மன்னா, இவனை..."

"கருத்து," என்றார் ராஜா. அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது. "கதிரவன் நாணியதை நீர் பார்த்தீரா? உட்காரும். உலகாயி, நேற்றைய ஓலை என்னாயிற்று? வாசி."

உலகாயி வாசித்தாள். "கருங்குளத்து மடை மூடி நாற்பது நாள் ஆகிறது."

"மன்னா, முதல் வரியை விட்டுவிட்டாள். ஓலையில் கைவைப்பது குற்றம்," என்றார் விருத்தகிரி.

"நலம்ங்கிறது கருத்து, மன்னா," என்றாள் உலகாயி. "நாற்பது நாள்ங்கிறது சேதி. சட்டத்தை மீறினா வேலை போயிடுமேன்னு விட்டுட்டேன்."

ராஜா உட்கார்ந்தார். "மேலே வாசி."

"குளத்தில் தண்ணீர் இருக்கிறது. வயல்களில் பயிர் காய்ந்துவிட்டது. குளத்திலிருந்து புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறது. அது பிரதானியாரின் மாந்தோப்பில் போய் முடிகிறது. கேட்கப் போன ஆறு பேரை மரத்தில் கட்டிவைத்தார்கள்."

"பொய், அபாண்டம், வயிற்றெரிச்சல்," என்று கத்தினார் விருத்தகிரி.

"மூன்றும் கருத்து, பிரதானியாரே," என்றார் ராஜா. "எனக்கு ஒரு சேதி சொல்லும். வாய்க்கால் இருக்கிறதா, இல்லையா?"

விருத்தகிரி கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "இருக்கிறது."

ராஜா சுற்றிலும் பார்த்தார். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தும் இது சரி, இது தப்பு என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவர்தானே பூட்டிவைத்தார்.

"உலகாயி, நீ என்ன நினைக்கிறாய்?"

"சொன்னா வேலை போயிடும், மன்னா."

"சட்டத்தை எடுத்துவிட்டேன்."

"அப்படின்னா இது அநியாயம், மன்னா. நேத்தே சொன்னேன்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உத்தரவு போட்டார். விருத்தகிரியின் பதவி அன்றே போனது. அவரே கருங்குளத்துக்குப் போய்த் தன் கையால் மடையைத் திறக்க வேண்டும். மண்வெட்டி பிடித்து அந்த வாய்க்காலைத் தூர்க்க வேண்டும். கட்டிவைக்கப்பட்ட ஆறு பேரும் வரப்பில் உட்கார்ந்து, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இனி எந்த ஓலைக்கும் 'யாவரும் நலம்' கட்டாயமில்லை. அதுவரை நின்றுகொண்டே வாசித்த உலகாயிக்குச் சபையில் ஓர் ஆசனம் போட்டார்கள். முதல் நாள் அவள் அதன் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

அடுத்த போகத்து அறுவடை முடிந்து கருங்குளத்திலிருந்து ஓர் ஓலை வந்தது. யாரும் சொல்லாமலேயே கடைசி வரியில் 'யாவரும் நலம்' என்று எழுதியிருந்தார்கள். ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"உலகாயி, என் ஆட்சி எப்படி நடக்கிறது?"

உலகாயி வழக்கம்போல் மனசுக்குள் நான்கு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "முன்னைக்கு இப்போ பரவாயில்லை, மன்னா."

"இது சேதியா, கருத்தா?"

"இப்போதைக்குக் கருத்துதான், மன்னா," என்று சொல்லிவிட்டு, ஆசனத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து அடுத்த ஓலையைப் பிரித்தாள். "சேதியாகிறதுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."