ஒரு மணிக்குச் சாப்பிடப் போகும் வைஃபை

“சுவருக்குள்ள பூந்து போகும், சட்டையில சுண்ணாம்பு ஒட்டாது. அத்தனை பேரு மடியிலயும் உக்காரும், ஒருத்தருக்கும் கனம் தெரியாது. இருக்கற வரைக்கும் யாரும் கண்டுக்க மாட்டாங்க, அரை நிமிசம் இல்லீன்னா அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னுக்குவாங்க. அது என்னன்னு சொல்லு அம்மணி, பாஸ்வேர்டு தர்றேன்.”

வாசலை மறித்துக்கொண்டு இப்படிக் கேட்டவர் சென்னியப்பன். கேட்கப்பட்டவள் ஐந்தாம் வகுப்பு மித்ரா. இடம், கோயம்புத்தூர் பீளமேட்டில் மோட்டார் உதிரிபாகக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கும் ‘கூடு’. சொந்தமாக அலுவலகம் இல்லாதவர்கள் மாத வாடகைக்கு ஆளுக்கொரு மேசை பிடித்து வேலை பார்க்கும் பொது அலுவலகம் அது. மேசையும் நாற்காலியும் யார் வீட்டில் இல்லை? ஆட்கள் மாடியேறி வருவது வைஃபைக்காக. அந்த வைஃபையைக் கட்டி மேய்ப்பவர்தான் சென்னியப்பன்.

மித்ரா நன்றாக யோசித்தாள். “ஃபேன் காத்துங்களா, மாமா?”

“ஃபேன் காத்து சுவருக்குள்ள பூருமா? சரி, போனாப் போகுது. பாதி மார்க்கு. பாஸ்வேர்டை வாங்கிக்க.”

மித்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அவர்கள் தெருவில் பராமரிப்பு வேலை என்று காலை முதல் மாலை வரை மின்சாரம் கிடையாது. மதியம் ஒரு மணிக்கோ அவளுக்கு மாவட்டச் சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டம். இணையத்தில்தான் ஆட வேண்டும். போன வருடம் இதே ஆட்டத்தில், எதிராளியின் ராணியை வெட்டிவிட்டு அவள் ஜெயிக்கப்போன நேரத்தில் வீட்டில் நெட் நின்றது. ஆட்டத்தின் கடிகாரம் மட்டும் நிற்கவில்லை. நெட் திரும்பி வந்தபோது அவளுடைய நேரம் தீர்ந்து, அவள் தோற்றிருந்தாள். அதனால்தான் அம்மா கோகிலவாணி இம்முறை அவளையும் தன் பழைய தடித்த லேப்டாப்பையும் கூட்டிக்கொண்டு, தான் கணக்கு எழுதும் இந்தக் கூட்டுக்கே வந்துவிட்டாள்.

“ஏனுங்ணா, நடுவுல நெட்டு நின்னுராதுங்ளே?” என்றாள் அம்மா.

சென்னியப்பன் டீ டம்ளரை மேசையில் வைத்தார். எதிர் மேசையில் விளம்பரப் படம் வரைந்துகொண்டிருந்த ஃபிரோஸ், “அக்கா, கேட்டுட்டீங்களா” என்று முனகினான்.

“நிக்கறதுங்களா? நம்ம வைஃபைக்கு உக்காரவே தெரியாதுங்க, எங்க நிக்கறது? ஓடிட்டே இருக்கும். போன வாரம் கீழ கடைக்கு ஒருத்தரு மோட்டாரு வாங்க வந்தாரு. சும்மா மாடியை அண்ணாந்து பார்த்தாரு. அவரு போன்ல மூணு மணி நேரப் படம் முழுசா இறங்கிருச்சு. மோட்டாரே வாங்காம வீட்டுக்குப் போயிட்டாரு.”

“நேத்து எனக்கு இங்க உக்காந்தே இறங்கலயேண்ணா” என்றான் ஃபிரோஸ்.

“நீ அண்ணாந்து பார்க்கல தம்பி.”

மித்ரா கூரையை அண்ணாந்து பார்த்தாள். அங்கே வெள்ளைத் தட்டு போல வைஃபை பெட்டி ஒன்று பச்சை விளக்கால் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர்கீழே மெத்தை போட்ட நாற்காலி ஒன்று. அதைச் சென்னியப்பன் தன் தோள் துண்டால் துடைத்து, “இது உனக்குன்னே ஒதுக்குனது, அம்மணி. சிக்னல் அப்படியே தலையில கொட்டும்” என்றார்.

“ரோட்டைத் தோண்டி லைனை வெட்டிட்டா என்ன பண்ணுவீங்க, மாமா?”

“நல்லாக் கேட்ட. மழைக்காலத்துல வெட்டிப்போட்டாங்கல்ல. பக்கத்துக் கட்டடமெல்லாம் கையைப் பிசைஞ்சுட்டு நின்னுச்சு. நம்ம கூடு மட்டும் ஜம்முனு ஓடுச்சு. எப்படின்னு நினைக்கற? மொட்டை மாடித் தொட்டியில முன்னாடியே நெட்டை ஏத்தி நிரப்பி வெச்சிருந்தேன்.”

“தொட்டியில நெட்டா?” என்றான் ஃபிரோஸ்.

“மோட்டாரு போட்டா ஏறுது. கீழதான் மோட்டாரு கடை இருக்குதே. ரெண்டு நாளு குழாயைத் திறந்து திறந்து எல்லாத்துக்கும் விட்டேன். என்ன, ஒரு நாளு மூடி போட மறந்துபோட்டேன். காக்கா ஒண்ணு வந்து நாலு வாய் குடிச்சிருச்சு. அன்னையிலிருந்து அது கா கான்னு கத்தறதில்ல. சன்னல்ல வந்து உக்காந்து, பாஸ்வேர்டை மாத்திட்டீங்களான்னு கேக்குது.”

கோகிலவாணி சிரித்துவிட்டாள். மித்ரா சன்னலைப் பார்த்தாள். காக்கா இல்லை.

“வேகத்தைச் சொல்லவா? நம்ம பத்மாவதி மேடத்தையே கேளு.” அமெரிக்கக் கம்பெனிக்கு மொழிபெயர்ப்பு செய்யும் பத்மாவதியின் பக்கம் கை நீட்டினார். “இவங்க புதன்கிழமை காலையில ஒரு மெயில் அனுப்புனாங்க. அது அமெரிக்காவுக்கு எப்பப் போய்ச் சேர்ந்துச்சு தெரியுமா? செவ்வாய்க்கிழமை. ஒரு நாளு முன்னாடி.”

பத்மாவதி கண்ணாடியைக் கழற்றினார். “அங்க அப்ப செவ்வாய்க்கிழமை ராத்திரிதான், சென்னியப்பன்.”

“பாருங், மேடமே ஒத்துக்கிட்டாங்க.”

“அதை விடுங்க. தினமும் ஒரு மணி ஆனா நெட்டு எங்க போகுதுன்னு அந்தக் குழந்தைகிட்டச் சொல்லுங்க.”

மித்ரா சட்டென்று திரும்பினாள். “ஒரு மணிக்கா?”

பத்மாவதி மூலையைக் காட்டினார். அங்கே மைக்ரோவேவ் ஓவன் இருந்தது. வைஃபை பெட்டிக்கும் அதற்கும் நடுவே ஒரு மெல்லிய பலகைத் தடுப்புதான். ஓவனுக்கு முன்னால், ரேஷன் கடை வரிசை போல, ஆளாளுக்கு ஒரு சாப்பாட்டு டப்பா வரிசையில் நின்றது. காலையில் வந்ததும் டப்பாவை வரிசையில் வைப்பது இந்தக் கூட்டின் வழக்கம். முன்னால் வைத்தவருக்கு முதல் சூடு.

“இதுல டப்பா சுத்த ஆரம்பிச்சா வைஃபை தடுமாறுது. வேணும்னா எல்லாரும் ஆறினதையே சாப்பிடலாம். ஆனா நான் சுகர் மாத்திரை போட்டாச்சு. என் சாப்பாடு ஆறினா எனக்கு இறங்காது கண்ணு.”

“அப்படியெல்லாம் தப்பாச் சொல்லப்படாதுங்க மேடம்” என்றார் சென்னியப்பன். “அதுக்குப் பேரு பாசம். கையில வளர்த்த வைஃபை. ஒரு மணிக்கு அதுக்கும் பசிக்கும். கத்தரிக்கா குழம்பு வாசம் வந்தா ஓவனுக்குள்ள போய் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வரும். அன்னைக்கு ஃபிரோஸ் தம்பி ஒரு வீடியோவை இறக்கப்போட்டாரு, பாதியில நின்னுச்சு. டப்பாவைத் திறந்து பார்த்தா மீதி வீடியோ புளிசாதத்துக்குள்ள ஓடிட்டு இருக்குது.”

“புளிசாதம்கிறது மட்டும் உண்மை” என்றான் ஃபிரோஸ்.

“நீ பயப்படாத அம்மணி. நம்ம வைஃபையில ஆடினா, நீ நினைக்கறதுக்கு முன்னாடியே குதிரை நகர்ந்து போயி ராஜாவைப் பிடிச்சிரும்.”

“அப்ப நான் எதுக்குங்க, மாமா?”

அதற்குள் சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டை நெருங்கிவிட்டது. பத்மாவதி மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு எழுந்துபோய், வரிசையின் முதல் டப்பாவை ஓவனுக்குள் வைத்துப் பொத்தானை அழுத்தினார். ஓவன் உறுமியது.

ஃபிரோஸின் திரையில் சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. கோகிலவாணியின் திரையிலும் வட்டம். போனில் பேசிக்கொண்டிருந்த ஒருவர், “ஹலோ, கேக்குதுங்களா, ஹலோ” என்று எழுந்து நின்றார். இன்னும் நான்கைந்து பேர் எழுந்து நின்றார்கள். மித்ராவுக்கு விடுகதையின் மீதி பாதியும் விளங்கிவிட்டது. போன வருடத்துக் கடிகாரம் ஓடியது மறுபடியும் கண்ணுக்குள் வந்தது.

அப்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். அத்தனை பேருக்கும் வட்டம் சுற்றும்போது, சென்னியப்பனின் லேப்டாப்பில் மட்டும் கிரிக்கெட் ஆட்டம் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். சுவரிலிருந்து நீல நிறத்தில் ஒரு ஒயர் புறப்பட்டு, அவர் செருப்பைச் சுற்றிக்கொண்டு மேலேறி, அவர் லேப்டாப்பின் விலாவில் செருகியிருந்தது.

“மாமா, இந்த நீல ஒயர் எதுக்கு?”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பத்மாவதிகூட ஓவனை விட்டுவிட்டு வந்து பார்த்தார். ஃபிரோஸ் வாயைப் பொத்திக்கொண்டான்.

சென்னியப்பன் அசரவில்லை. டம்ளரில் மிச்சமிருந்த டீயை நிதானமாகக் குடித்து முடித்தார்.

“இதுவா? இது ஒயர் இல்ல அம்மணி, கயிறு. நம்ம வைஃபையோட வேகத்துக்கு லேப்டாப்பைக் கட்டி வெக்கலீன்னா அது சன்னல் வழியாப் பறந்துரும். போன மாசம் இப்படித்தான் ஒண்ணைக் கட்டாம விட்டுப்போட்டேன். பொள்ளாச்சி தாண்டி, ஆனைமலையில ஒரு தென்னை மரத்து உச்சியில போய் மாட்டிக்கிச்சு. ஏறி எடுக்கறப்பவும் சார்ஜ் குறையல. இவங்க லேப்டாப்பெல்லாம் ஏதோ பழசு, பறக்காது, அதனால கட்டல. மத்தபடி வைஃபைன்னா நம்ம வைஃபைதான். நீ போய் மெத்தை நாற்காலியில உக்காரு.”

கோகிலவாணி மகளைப் பார்த்தாள். கூரையில் பச்சை விளக்கு கண்சிமிட்டியது. ஓவனில் டப்பா சுற்றிக்கொண்டிருந்தது.

மித்ரா கயிற்றை உருவி அம்மாவின் லேப்டாப்பில் செருகிக்கொண்டு, சென்னியப்பனின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.